பட்டுக் கட்டிய படம்

கனகாவுக்கு என்ன வேலை என்று அவள் அப்பா தவசிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல உக்காந்துருக்கா" என்பதோடு அவனியாபுரத்தில் பேச்சை முடித்துக்கொள்வார். அவளும் விளக்கவில்லை. இணையத்தில் கடை நடத்தும் ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வரும் புகார்களை மதுரையில் உட்கார்ந்து தீர்க்கிற ஆபீஸ் அது. யாருக்காக வேலை செய்கிறோம் என்று வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாதென்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என் பிராண்டு பெயரைத் திருடிவிட்டான், என் படத்தைப் போட்டு விற்கிறான் என்று புகார் வரும். ஆதாரம் இல்லாதவன் சரக்கை அந்த இணையக் கடையிலிருந்து இறக்கிவிடுவது கனகாவின் வேலை.

அவள் அம்மா சோணையம்மாள் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் குனிந்தே கிடந்தவள். அவளைத் தனியாக நிறுத்தி யாரும் படம் எடுத்ததில்லை. செத்த பிறகு சுவரில் மாட்ட ஒன்று வேண்டுமே! உறவுக்காரர் கல்யாணப் போட்டோ ஒன்றில் ஓரமாக நின்றிருந்தாள். ஸ்டூடியோக்காரர் அந்த முகத்தை மட்டும் எடுத்து, அரக்குப் பட்டும் அட்டிகையும் போட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பலர் செத்த பிறகுதான் பட்டுக் கட்டுகிறார்கள். தவசிக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தன. கொடுத்த கல்யாணப் போட்டோவைத் திருப்பி வாங்க அவருக்குத் தோன்றவேயில்லை.

பிறகு மனைவியின் கைப்பக்குவத்தில் குழம்புப் பொடி அரைத்து, பாக்கெட்டில் அந்தப் படத்தையே ஒட்டி விற்றார். பிரவுசிங் சென்டர் நடத்தும் சங்கிலி அதை இணையக் கடையில் ஏற்றிவிட்டார். பார்சல் கிளம்பும்போதெல்லாம், "ஒங்காத்தா ஊருக்குப் போறா" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார் தவசி.

2008 ஆடியில் அந்தப் புகார் கனகாவின் மேசைக்கே வந்தது. கப்பலூர் மசாலா கம்பெனி ஒன்று, தங்கள் பாக்கெட் படத்தைத் தவசி திருடிவிட்டதாக எழுதியிருந்தது. குடும்பப் பாங்கான முகம் என்று ஸ்டூடியோக்காரர் அதை அவர்களுக்கும் விற்றிருக்கிறார். படம் நான் செய்தது, உரிமை இவர்களுக்கே என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். தவசியிடம் ஆதாரம் கேட்டதற்கு, சங்கிலி மூலம் ஒரே வரி வந்தது: இது என் சம்சாரம்.

கனகா மேலாளர் ஹரிஷ்குமாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் கெட்டவரில்லை. புகாரை இன்னொரு முறை படித்துவிட்டுச் சொன்னார்.

"மொகம் யாருதுன்னு நம்ம கேக்கல கனகா. படம் யாரு செஞ்சதுன்னுதான் கேக்குறோம்."

வேறொருவரிடம் கொடுக்கட்டுமா என்றும் கேட்டார். அவள் வேண்டாமென்றாள். வேறு யாராவது என்றால் வழக்கமான வரிகளை வீசிவிட்டுப் போய்விடுவார்கள். அப்பாவுக்குப் போகும் கடிதத்தைத் தானே எழுதினாள். வழக்கத்தில் இல்லாத 'வருந்துகிறோம்' என்ற சொல்லைச் சேர்த்தாள். அம்மாவைக் கடையிலிருந்து இறக்கினாள். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள்.

சாயங்காலம் தவசி அந்தக் கடிதத்தைச் சங்கிலியிடம் அச்செடுத்து வந்து நீட்டினார். இங்கிலீஷ் அவருக்கு ஓடாது. தான் எழுதியதைத் தானே தமிழில் வாசித்தாள் கனகா. ஸ்டூடியோவைத் தேடிப் போனதாகவும், அங்கே இப்போது செல்போன் கடை இருப்பதாகவும் அவர் சொன்னார். கடிதத்தை வாங்கி மடித்தார்.

"ஏந்தாயி, இத எழுதுனவுகளுக்கு ஆத்தா இல்லையா?"

"இல்லப்பா."

"பாவம்" என்றார் தவசி.