கூடை வலி

தெல்தெனியவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஐயா, சட்டை மடிப்புக் குலையுமென்று நோயாளியைத் தொடமாட்டார். மாரடைப்பு ஆண்களுக்கு, அதிலும் உத்தியோகத்தர்களுக்கு மட்டுமே வரும் என்பது அவர் படித்த வைத்தியம்.

கொழுந்தெடுக்கும் என் அக்கா வேர்த்துக் கொட்ட அவர்முன் நின்றாள்.

“முதுகும் தாடையும் வலிக்குதுங்க ஐயா. குமட்டுது.”

“கூடை தூக்குனா வலிக்கத்தான் செய்யும். தைலத்தப் பூசிட்டு வேலைக்குப் போ.”

போனவள் மலையிலேயே விழுந்து செத்தாள். மாரடைப்பு என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிறகொரு நாள் கலியாண வீட்டில் ஆட்டிறைச்சியை ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஐயா நெஞ்சைப் பிடித்தார். தோட்டத்து லொறியில் கண்டிக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

“வேகமாப் போப்பா” என்று வழியெல்லாம் அழுதார். ஒரு சொட்டுத் தைலம் பூசிக்கொள்ளவில்லை.

அவருக்கு வந்தது வெறும் வாயு.