அடக்கிட்டேன் தாயி

வீதியில் யார் யாரைக் கூப்பிட்டாலும் என் அப்பாதான் முதலில் பதில் சொல்வார். "ஒங்கள யாரு கேட்டாக?" என்று அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள். கேட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கண்டரமாணிக்கத்துக்காரரான அவருக்குப் பெரிய மரியாதைக் குறைவு.

அந்தப் பழக்கத்தோடுதான், விடாத இருமலுக்காக, காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு வந்தார். சி.டி. எந்திரம் நெஞ்சைச் சுற்றிச் சுற்றி எடுக்கும் துண்டுப் படங்களை அடுக்கித்தான் நுரையீரலின் முழு உருவம் கிடைக்கும். நடுவில் நெஞ்சு அசைந்தால் படம் கலங்கிவிடும். திரும்ப எடுத்தால் உடம்பில் கதிர்வீச்சு இன்னொரு பங்கு ஏறும். பிறத்தியாருக்கே இரண்டாம் தடவை எடுக்க எனக்கு மனசு வராது.

கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பொத்தானை அழுத்தினேன். எந்திரத்தில் பதிந்து வைத்திருக்கும் பெண் குரல், "மூச்சை இழுத்து அடக்குங்க" என்றது.

"அடக்கிட்டேன் தாயி" என்றார் அப்பா, ரொம்பப் பணிவாக.

அடக்கிய மூச்சு அத்தனையும் அந்தப் பதிலோடு வெளியே போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. திரையில் வலது நுரையீரலின் அடிப்பகுதி கலங்கியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் பார்க்க நினைத்ததே அந்த இடத்தைத்தான்.

உள்ளே போனேன். "பேசாதீகப்பா. அது மெசின் குரல்."

"மெசினா இருந்தா என்ன? பொம்பளப்புள்ள தன்மையாச் சொல்லுது. வாயத் தொறக்காமக் கெடந்தா என்ன நெனைக்கும்?"

இவரைத் திருத்த முடியாது என்று அந்தக் குரலையே நிறுத்திவிட்டேன். எந்திரத்தின் கட்டில் நகர்ந்தால் மூச்சை அடக்க வேண்டும், நின்றால் விட வேண்டும் என்று சொல்லி, கதிர்வீச்சு இல்லாமல் கட்டிலை மட்டும் நகர்த்திப் பழக்கினேன். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கலங்கிய பகுதியை மட்டும், கதிரைக் குறைத்து எடுத்தேன். அப்பா அசையவேயில்லை. படம் சுத்தமாக வந்தது. கட்டியும் சுத்தமாகத் தெரிந்தது. இத்தனை தெளிவாக வந்திருக்க வேண்டாமே என்று என் வேலையின் மேலேயே எரிச்சல் வந்தது.

"படம் நல்லா விழுந்துருச்சா தாயி?" என்றார், சட்டையை மாட்டிக்கொண்டே.

"நல்லா விழுந்துருக்குப்பா."

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே அப்பா போய்விட்டார். அன்று காலை காப்பியைக் கொண்டுபோய்க் கட்டிலருகே குனிந்து, "அப்பா" என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அசையாமல் இருங்கள் என்று அவரைப் பழக்கியவள் நான். அவர் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் அசைய மாட்டாரா என்று காத்திருந்தேன்.