விளக்கணையாத கடையும் கொள்ளிவாய்ப் பிசாசும்

கிள்ளான் நகரிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பழைய சாலையில், சதுப்பு தொடங்குகிற இடத்தில், ஹாசிமின் கடை இருபத்திரண்டு வருடங்களாக விளக்கணையாமல் இருந்தது. இரவு பகல் பாராத சாப்பாட்டுக்கடை. மின்சாரம் போனாலும் மறுநொடியே ஜெனரேட்டர் உறுமும். பாதிப் பேர் ரொட்டி சானாய்க்காக வருவார்கள். மீதிப் பேர் ஹாசிமின் வாய்க்காக வருவார்கள்.

சதுப்பின் மேல் இரவில் மிதக்கும் வெளிச்சத்தைப் பற்றி அவரைப்போல் சொல்ல யாராலும் முடியாது. ஒரு மழை இரவில் அந்த வெளிச்சத்துக்குச் சொந்தமான கொள்ளிவாய்ப் பிசாசு கடைக்கே வந்துவிட்டதாம். வாயைத் திறந்தால் தீ பறக்குமே என்று கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, ஓரத்து மேசையில் மரியாதையாக உட்கார்ந்ததாம். பாலும் சீனியும் இல்லாமல் ஒரு தேநீர் கேட்டதாம். போகும்போது நன்றிக்காக ஹாசிமின் சுருட்டைப் பற்றவைக்கக் குனிந்ததில் அவருடைய இடது மீசை கருகிவிட்டதாம். சந்தேகப்படுகிறவர்களிடம் மீசையைக் காட்டுவார். இடது பக்கம் உண்மையிலேயே குட்டைதான்.

எல்லாம் சரி. ஆனால் ஹாசிம் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததே இல்லை.

மீன்பிடிக்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். லோரி ஓட்டும் கமலநாதன் பார்த்திருக்கிறார். ஹாசிமின் மனைவி மஜீதா, சதுப்புக்கு அக்கரையில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன்பே இரண்டு தடவை பார்த்துவிட்டாள். "எப்படிப் புள்ள இருந்துச்சு?" என்று இவர் கேட்டால், "சும்மா இருந்துச்சு" என்பாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது. அந்தச் "சும்மா" ஹாசிமின் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்ததும் மண் வந்து இறங்கியது. கப்பல் பெட்டிகளை அடுக்க இடம் வேண்டுமாம். சதுப்பு துண்டு துண்டாக நிரம்பி, கடைசியில் கடைக்குப் பின்னால் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. மண்ணடித்தவர்களில் கமலநாதனும் ஒருவர்.

"வெள்ளிக்கெழம இதையும் மூடிருவோம் பாய். ஒங்க கூட்டாளிய வேற வீடு பாக்கச் சொல்லுங்க லா!"

கடையே சிரித்தது. தே தாரிக் தேநீரைக் குவளைக்குக் குவளை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த ஹாசிமின் கை மட்டும் தரையில் ஒரு சொட்டுச் சிந்தியது. அந்தக் கை சிந்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அன்றிரவும் மறுநாள் இரவும் அவர் டார்ச்சோடு கடையின் பின்பக்கம் போய் நின்றார். கொசுக்கள்தான் கண்டுகொண்டன.

"வெளக்கக் கையில வச்சிக்கிட்டே வெளக்கத் தேடுறீங்களே!" என்றாள் மஜீதா.

"இருட்டுல பாம்பு கெடக்கும் புள்ள."

"பாம்பாம். முப்பது வருஷமாக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? இருட்டுக்குப் பயந்துதானே விடிய விடியக் கடை போட்டீங்க."

"மெதுவாப் பேசு" என்று ஹாசிம் சுற்றும்முற்றும் பார்த்தார். "கமலநாதன் காதுல விழுந்தா மானம் போயிரும்."

வியாழன் பின்னிரவு, மழை விட்டிருந்தது. கடையில் யாரும் இல்லை. கமலநாதன் சாலையோரம் லோரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால், எண்ணெய்ப் பிசுக்கேறிய மெயின் சுவிட்சின் முன் ஹாசிம் நின்றார். ஜெனரேட்டர் சாவியைக் கழற்றி மஜீதாவிடம் கொடுத்தார். பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு சுவிட்சை இழுத்தார்.

முதலில் குளிர்பெட்டியின் முனகல் நின்றது. பிறகு விசிறிகள். பிறகு தவளைகளின் சத்தம் கேட்டது. இத்தனை வருடமும் அவை கத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன! இருட்டு அவர் நினைத்ததைவிட மெதுவாக, துவைத்த துணியைப்போல ஈரமாக, மேலே வந்து படிந்தது. ஒரு கையால் மஜீதாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தார். இன்னொரு கையில் ஏனோ தேநீர்க் குவளை இருந்தது.

நீருக்கு மேலே ஒரு நீலப் பொட்டு. முதலில் பட்டாணி அளவு. பிறகு அது நீண்டது. நூலாக மேலே ஏறி, அங்கே ஒரு கணம் தயங்கி, வளைந்து கீழே ஊற்றியது. மறுபடி ஏறியது, மறுபடி ஊற்றியது. ஹாசிமின் கை தானாக உயர்ந்தது. அங்கே அது ஆற்ற, இங்கே இவர் வெறுங்குவளையை ஆற்ற, நடுவில் சதுப்பு மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது.

"இன்னுங் கொஞ்சம் ஒசரத் தூக்கு" என்றார் ஹாசிம் மெல்ல.

அது தூக்கியது. மஜீதாவும் பார்த்தாள். அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை.

எவ்வளவு நேரம் போனதோ, சாலையில் லோரியின் முன்விளக்கு பளீரென்று எரிந்தது. "பாய்! கரண்ட் போச்சா?" திரும்பிப் பார்த்தபோது சதுப்பில் ஒன்றுமில்லை. முந்தானையை எப்போது விட்டார் என்று ஹாசிமுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்தத் துண்டும் மண்ணானது. கூடியிருந்தவர்களிடம் ஹாசிம் நேற்றிரவு பார்த்ததைச் சொன்னார். "சின்னதா, நீலமா இருந்துச்சு. ஏறுச்சு, எறங்குச்சு."

"அவ்வளவுதானா? தேத்தண்ணி குடிக்கல? மீசைய எரிக்கல?" கமலநாதனுக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னா பாய், வயசாச்சா? வேற எப்படித்தான் இருந்துச்சு?"

ஹாசிம் மஜீதாவைப் பார்த்தார். "சும்மா இருந்துச்சுப்பா."

மாவு பிசைந்துகொண்டிருந்த மஜீதா தலை குனிந்து சிரித்தாள்.

இப்போது தினமும் பின்னிரவில் கால்மணி நேரம் அந்தக் கடையில் விளக்கெரியாது. இருவரும் பின்வாசலில் உட்கார்ந்து, மண்மேட்டைப் பார்த்தபடி தேநீர் குடிப்பார்கள். ஹாசிமின் மீசை இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளர்ந்துவிட்டது. பழைய கதையை இப்போது கமலநாதன்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பிசாசு கடைக்கு வரவில்லையாம். அவருடைய லோரியில்தான் ஏறி வந்ததாம். அவருக்கு மீசையே இல்லையே என்று கேட்காதீர்கள். முழுசாக எரிந்துபோயிற்றாம்.