வயிற்றுவலி என்று சொன்னேன்

கரு கலைந்த பிறகு எனக்கு ரத்தம் நிற்கவில்லை. இந்த ஒரு வரியை எழுதவே எனக்கு இத்தனை வயது ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு யாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியும்? ஆனால் சொல்லாமலே ஊருக்குத் தெரிகிற ஏற்பாடு எங்கள் பக்கம் இருந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில், வீட்டுக்குத் தூரமான பெண்கள் ஊர்க்கோடியில் இருக்கும் முட்டுவீட்டில்தான் தங்க வேண்டும். ஒற்றை அறை, சன்னல் கிடையாது. எவள் போனாள், எவள் குளித்துவிட்டுத் திரும்பினாள் என்பது ஆடு மேய்க்கிறவன் வரைக்கும் தெரியும். ஆண்கள் மட்டும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

கரு கலைந்ததும் என்னையும் அங்கே அனுப்பினார்கள். எனக்கு முன்னால் வந்தவர்கள் போனார்கள், பின்னால் வந்தவர்களும் போனார்கள். நான் மட்டும் கிடந்தேன். "இன்னுமா நிக்கலை?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்து ஊரில் இப்படி நிற்காமல் போனவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, புருஷனுக்கு வேறு பெண் கட்டிவைத்த கதையையும் அவளே சொன்னாள். நல்ல எண்ணத்தில் சொன்னாள் என்று இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. எனக்குத் தாய்வீட்டில் யாரும் உயிரோடு இல்லை. மறுநாள் காலையில் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நின்றுவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். நிற்கவில்லை.

வீட்டில் நான், என் புருஷன், அவருடைய அக்கா, மூன்றே பேர். அக்கா சிறு வயதிலேயே தாலியறுத்துத் தம்பியோடு வந்து இருந்துவிட்டவள். மதினி என்று கூப்பிடுவேன். அவளுக்குப் பயப்படாத பல்லிகூட அந்த வீட்டில் கிடையாது. தூரமானவள் நிழல் பட்டுவிட்டது என்று தலையில் வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே தெருவில் கொட்டியவள். குலசாமிப் பெட்டி இருக்கும் மூலையில் விளக்கு வைப்பது அவள்தான். சோறு பொங்குவது நான். அவர் விடியுமுன்னே வண்டி பூட்டிக்கொண்டு போய் இருட்டியபின் வருவார். அவருக்குச் சோறு போடுவதும் மதினிதான்.

உலையில் அரிசி போடும்போதெல்லாம் குலசாமி மூலையைத் திரும்பிப் பார்ப்பேன். சாமி இருக்கிற வீட்டில் தீட்டோடு சமைத்தால் குடும்பமே அழியும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அவர் ஒருநாள் காய்ச்சலோடு வந்து படுத்தபோது, என்னால்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். காய்ச்சல் இறங்கியது, பயம் இறங்கவில்லை. பழஞ்சேலையைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொள்வேன். வாடை வந்துவிடுமோ என்று யார் பக்கத்திலும் உட்கார மாட்டேன். நகமெல்லாம் வெளுத்துவிட்டது, குனிந்து எழுந்தால் கண் இருட்டியது. இப்படியே ரத்தம் போய்ச் செத்துவிடுவேன் என்பது ஒரு பயம். சொன்னால் வீடு போய்விடும் என்பது இன்னொரு பயம். எது பெரிசு என்று கேட்டிருந்தால் இரண்டாவதுதான் என்று சொல்லியிருப்பேன். என் புத்தி அவ்வளவுதான்.

கடைசியில் ஒருநாள் வாசலில் குடத்தோடு விழுந்துவிட்டேன். "இவளுக்கு என்னமோ செய்யுது, மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று மதினி தம்பியிடம் சொன்னாள்.

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ். உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. சீட்டில் கறை பட்டுவிட்டால் என்ன செய்வது?

"உக்காருத்தா, விழுந்து தொலைக்காத."

"இருக்கட்டும் மதினி, இங்கனதான் காத்து வருது."

வந்தது காற்றா, எல்லாம் கரிப்புகை. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மதுரை வரைக்கும் நின்றேன்.

அது பெண்களுக்கான ஆஸ்பத்திரி. ஆண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மதினியையும் நிறுத்த மாட்டார்களா என்று பார்த்தேன். அவள் எனக்கு முன்னால் உள்ளே போய் நின்றாள்.

"என்ன செய்யுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வயித்துவலிங்க."

"தூரம் ஒழுங்கா வருதா?"

"வருதுங்க. நின்னுருதுங்க."

கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் வயிற்றுவலி என்றேன். வெளியே அத்தனை பெண்கள் காத்திருந்தார்கள். மருந்து எழுதப் பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், இனி ஊரில் போய்ச் சாக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அவ பொய் சொல்றாம்மா" என்றாள் மதினி. "கரு கலைஞ்சதுலருந்து அவளுக்கு ரத்தம் நிக்கவே இல்லை."

திரும்பி அவளையே பார்த்தேன்.

"முழிக்காத. நீ குளிச்சுட்டு வந்த அன்னைக்கே தெரியும், நான் என்ன குருடியா? வெளிய சொன்னா திரும்ப முட்டுவீட்டுலதான கொண்டு போயிப் போடுவாக. நீயா வாயத் தொறப்பேன்னு பாத்தேன்."

அப்படியென்றால் நான் பொங்கியதை அவள் தெரிந்தேதான் சாப்பிட்டிருக்கிறாள். குடத்துத் தண்ணீரைத் தெருவில் கொட்டியவள்.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கூச்சத்தை எழுத எனக்கு இன்றைக்கும் வரவில்லை. கலைந்தது முழுசாக வெளியே வரவில்லை, மிச்சம் உள்ளே தங்கிவிட்டது, மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டேனாம். அதற்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. புருஷன் கைநாட்டு வேண்டும் என்றார்கள், அதற்குத்தான் பயந்தேன். காரணம் சொல்லாமல் எப்படிக் கைநாட்டு வாங்குவது?

அவரைத் தாழ்வாரம் வரைக்கும் கூப்பிட்டார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தேன். நர்ஸம்மா எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார். மதினியும் அங்கேதான் நின்றாள்.

"அக்கா, அப்ப இம்புட்டு நாளா வீட்டுல சோறு பொங்குனது யாரு?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நான்தான்டா" என்றாள் மதினி. "அவள அடுப்படிப் பக்கமே விடலை."

"நெசமாவா?"

"குலசாமி மேல சத்தியம். நீ கைநாட்டை வைடா மொதல்ல."

வைத்தார்.

என்னை உள்ளே கொண்டுபோனபோது மதினி கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மூக்கில் மயக்க மருந்தை வைத்தார்கள். கத்தியைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. எனக்காகச் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அந்தச் சாமியிடமே கெஞ்சிக்கொண்டு கண்ணை மூடினேன்.