இடிபட்ட வண்டி பார்க்கப் போன இடங்களில்

இன்சூரன்ஸ் கம்பனிக்காக இடிபட்ட வண்டி பார்க்கிறவனை எந்த வீட்டிலும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்கும். பம்பர் தொங்க, மனைவி முறைக்க, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்க, நடுவீதியில் நின்று கம்பனிக்கு போன் எடுத்திருப்பீர்கள். "ஆள் வந்துகொண்டிருக்கிறார்" என்று அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் சொல்லியிருக்கும். மாத்தளைப் பக்கம் என்றால், அந்த ஆள் நான்தான். நீங்கள் வெயிலில் காத்து நின்ற அதே நேரம், நானும் எங்கேயோ ஒரு வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

பனிக்குள் ஒரு கார்

ரிவர்ஸ்டன் மலை பார்க்கக் குடும்பத்தோடு வந்த ஒருவர் காரை வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கிவிட்டார். "எந்த இடத்தில நிக்கிறீங்க?" என்று போனில் கேட்டேன். "தெரியாது சேர், சுத்திவர வெள்ளையா இருக்கு" என்றார். ஹோர்னை அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு பைக்கில் ஏறினேன். மலையில் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. காரைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போயிருக்கிறேன்.

கடைசியில் கார் கிடைத்தது. கிடைத்த வேகத்தில் நானும் பைக்கோடு அதே கானுக்குள் போனேன். அவரும் அவருடைய மாமனாரும் என்னைத் தூக்கிவிட்டார்கள். அவருடைய மனைவி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சேறு வடிய நின்று அவர் காரைப் படம் எடுத்தேன். அவர் என் பைக்கின் வளைந்த ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"உங்களப் பார்க்க யாரு சேர் வருவாங்க?"

உம்மாவுக்குப் பின்னால்

ரஸீன் நானா மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு வியாபாரி. உக்குவளையில் ஒரு லொறி பின்னுக்கு எடுக்கும்போது அவருடைய வேனின் பக்கக் கதவை உள்ளே தள்ளிவிட்டது. "நான் வந்து பார்க்கும் வரைக்கும் கை வைக்காதீங்க நானா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் போனால் வேன் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. பெயின்ட் வாசம் போகவில்லை. மகளின் கல்யாணமாம். நசுங்கின வேனில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக ஏலுமா என்று என்னிடமே கேட்டார்.

"சரி, அடிபட்டதுக்கு ஒரு போட்டோவாவது இருக்கா?"

"இல்லாம?" என்று போனை நீட்டினார். கராஜுக்குக் கொண்டுபோகுமுன் எடுத்ததாம். வேனுக்கு முன்னால் முழுக் குடும்பமும் புது உடுப்போடு நிற்கிறது. அடி எங்கே என்று கேட்டேன். வயதான ஒரு அம்மாவின் மேல் விரலை வைத்து, "இந்தா, உம்மாக்குப் பின்னால" என்றார். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். உம்மாவின் முந்தானை மட்டும்தான் பெரிசானது. கழற்றின கதவாவது இருக்கிறதா என்று கராஜில் விசாரித்தேன். அதையே தட்டி நிமிர்த்திப் பூட்டியாயிற்றாம். இல்லாத அடிக்கு நான் என்ன எழுத? அதைச் சொன்னதும் நானாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்களே சொல்லுங்க சேர், உம்மாவக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்டு எந்த மகன் சொல்லுவான்?"

ஒரு கேள்வி

சிவகுமார் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறவர். ஆட்டோ வைத்திருந்தார். சொந்தப் பாவனைக்கு என்று இன்சூரன்ஸ் போட்டிருந்தார். கூலிக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடினால் அது செல்லாது. ஒரு மழை நாளில் பக்கத்து லயத்துப் பிள்ளைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது, வளைவில் ஆட்டோ சறுக்கி மண்மேட்டில் மோதிக் கவிழ்ந்தது. கடவுள் புண்ணியம், யாருக்கும் பெரிய காயமில்லை. பின்னால் வந்த மரக்கறி லொறி பெண்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் காலை நான் போனபோது ஆட்டோ அங்கேயேதான் கிடந்தது. பொலிஸ்காரர் ஒருவர் வீதியை அளந்துகொண்டிருந்தார், சிவகுமார் பக்கத்தில் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாமியார் எங்களைக் கண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். சிவகுமார் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஹயருக்கா போனீங்க?"

அவர் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா முந்திக்கொண்டார். கூலி கொடுக்காமல் ஏறினார்கள் என்று நான் சந்தேகப்படுவதாக நினைத்துவிட்டார். "சும்மாவா ஏறுவோம்? ஏறும்போதே கையில குடுத்துட்டோம். நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லீங்க!" பொலிஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். சிவகுமார் தரையைப் பார்த்தார். நான் கேட்காத மாதிரி இருக்க வழியில்லை.

உயிர் காக்கப் போன பயணம், தயவுசெய்து கவனிக்கவும் என்று என்னால் முடிந்த மட்டும் எழுதி அனுப்பினேன். முடியாது என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. போனில் சொல்ல மனமில்லாமல் நேரிலேயே போனேன். சிவகுமார் இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டில், தோட்டத்து பஸ்ஸுக்காக மற்றவர்களோடு வரிசையில் நின்றார். சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் வரிசையோடு ஒரு அடி முன்னால் நகர்ந்தார். பஸ் வந்து நின்றதும் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சேர். அவங்க சொன்னதாலதான்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க."

இந்தத் தொழிலில் ஏசிவிட்டுப் போகிறவர்களை அன்றைக்குச் சாப்பாட்டோடு மறந்துவிடலாம். ஏசாமல் போகிறவர்கள்தான் பென்ஷன் வரைக்கும் கூடவே வருவார்கள் போலிருக்கிறது.