எங்கள் வீட்டில் சுரண்டக் கூடாது

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பாத்திரத்தைச் சுரண்டக் கூடாது. இயற்றியவள் நான். முள்கரண்டி தட்டில் கீறினாலோ, இரும்புக் கரண்டி குவாலி என்கிற எங்கள் வாணலியின் அடியை உரசினாலோ எனக்குப் பல் கூசும், முதுகு சில்லிடும், பிறகு வாய் திறக்கும். வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதை என் கணவரைத்தான் கேட்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் குவாலியில் மீகூன் என்கிற அரிசிச் சேமியாவைப் பிரட்டுவது அவர்தான். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்குவேன்.

எனக்குப் பாம்புச் செவி என்று மகள் அடிக்கடி சொல்வாள். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு நாள், எங்கள் அடுக்குமாடியின் இரும்பு கேட் திறந்தது. கூட நின்ற மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஐயோ, இதுக்கு எண்ணெ போட மாட்டாங்களா லா!" என்றாள். காவலாளி தோளைக் குறுக்கினார். காருக்கு அடியில் படுத்திருந்த பூனைகூட எழுந்து ஓடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவசரமாக நானும் காதைப் பொத்தினேன். அதற்குள் கேட் திறந்து முடித்து நின்றுவிட்டது.

கீச்சுச் சத்தம் கேட்காவிட்டால் நிம்மதிதானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேலையிலிருந்து நிறுத்திவிட்டது போல இருந்தது. சுரண்டாதே என்று அதட்டுவதற்குத்தான் அந்த வீட்டில் என்னை வைத்திருக்கிறார்கள் என்றே பயந்துபோனேன்.

பிரிக்பீல்ட்ஸில் காதைச் சோதிக்கப் போனால், நான் வருவதற்கு முன் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே சேலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் என் காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். தோற்றுவிடக் கூடாதே என்று இரண்டு முறை அழுத்தினேன்.

"ஆன்டி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்றாள்.

சோதனை முடிந்ததும் கேட்டேன்: "கீச்சுனு வர்ற சத்தம் மட்டும் ஏம்மா அப்படிக் கூசுது?"

"நம்ம காதுக்குழாய் இருக்கிற நீளத்துக்கு, அந்த மாதிரி சத்தம் இன்னும் பெருசாயிடும் ஆன்டி. பிள்ளைங்க வீறிட்டு அழறது, யாராச்சும் பயந்து அலறது எல்லாம் கிட்டத்தட்ட அந்தச் சத்தந்தான். கேட்டா சும்மா உக்கார முடியாது பாருங்க, அதுக்காகத்தான் கூசுதுன்னு சொல்றாங்க. வயசானா அதுதான் மொதல்ல போகும். உங்களுக்குப் பேச்செல்லாம் நல்லாத்தான் கேக்குது."

பிள்ளை அழுதால் ஓடுவதற்காகக் கொடுத்த காதை நான் குவாலிக்காகச் செலவழித்திருக்கிறேன். திரும்பும் வழியில் ஒரு சேலையும் வாங்கினேன். பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது அல்லவா?

வீட்டில் மூச்சு விடவில்லை. காது போனால் என்ன, கண் இருக்கிறதே. கரண்டி குவாலிக்குள் இறங்கும் கோணத்தைப் பார்த்தே முகத்தைச் சுளித்தேன். அவரும் உடனே கரண்டியைத் தூக்கினார். சில மாதங்கள் ஆட்சி நன்றாகவே நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் சமையலறையில் இருந்தாள். அவர் கையிலிருந்த கரண்டி குவாலியின் அடியை அழுத்தி வழித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். "எத்தன தடவ சொல்றது! காது கிழியுது!" என்று கத்தினேன்.

மகள் என்னையே பார்த்தாள். "மா, அது ரப்பர் கரண்டி. உங்களுக்காகத்தான் நேத்து வாங்கிட்டு வந்தேன். அதுல சத்தமே வராது."

கறுப்பு நிறத்தில், பார்க்க இரும்பு போலவே இருந்தது பாவி. இனி மறைத்து என்ன பயன்? "எனக்குக் கேக்கல," என்றேன். "கொஞ்ச நாளாவே கேக்கல."

கணவர் சிரித்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு அஞ்சு வருஷமாக் கேக்கல," என்றார்.

"அப்புறம் எப்படிங்க நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே நிறுத்துவீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துத்தான். நீ சுளிச்சா நான் சுரண்டிட்டேன்னு அர்த்தம்."

ஐந்து வருடங்களாக அவர் மீகூனைப் பார்த்துப் பிரட்டினார் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்திருக்கிறார். அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. அந்த வயதில் வெட்கப்படுவது இன்னும் பெரிய வெட்கம்.

பேச்சில் மீகூன் அடிப்பிடித்துவிட்டது. ரப்பர் கரண்டிக்கு அது அசையவில்லை. நானே இரும்புக் கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மகள் காதைப் பொத்திக்கொண்டு, "ரெண்டு பேரும் நிறுத்துங்க!" என்று அலறியபடி வெளியே ஓடினாள். நாங்கள் இருவரும் அடி வரைக்கும் சுரண்டிச் சாப்பிட்டோம்.