எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீபாவளிக்கு நடந்த கூத்துக்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். மீதிக் கால்வாசிக்கு வேண்டுமானால் புயலைத் திட்டிக்கொள்ளலாம்.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சந்தில், ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மகளும். வீட்டுக்காரருக்கு ரங்கூனில் அரிசி மில்லில் வேலை. மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது கப்பல் ஏறினார். "ஒரே வருசம், கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றார். நானும் கண்ணை மூடித் திறந்து மூடித் திறந்து மூன்றாவது தீபாவளி வந்துவிட்டது.

முதல் தீபாவளிக்கு அவருக்கும் சேர்த்து வேட்டி எடுத்து, முனையில் மஞ்சள் தடவி விளக்கு முன்னால் வைத்தேன். அவர் பங்கு முறுக்கைத் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது திறந்தால் குப்பென்று சிக்கு வாடை. அவரைத் திட்டிக்கொண்டே காக்காவுக்குப் போட்டேன். காக்காவும் தொடவில்லை.

இரண்டாவது தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதினார். நான் சும்மா இருப்பேனா? குழாயடி முழுக்கச் சொல்லி வைத்தேன். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கப்பலடிக்குப் போய் நின்றேன். ஆள் வரவில்லை. மறுநாள் குடத்தோடு குழாயடிக்குப் போனால், எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் புருஷன் கட்டுமரக்காரன். அவளுக்கு மீன் வியாபாரம். வாயைத் திறந்தால் காசிமேடு வரைக்கும் கேட்கும்.

"இன்னாமே, கப்பல் வந்துச்சா? இல்ல, ரங்கூன்லயே எவளாச்சும் உன் ஊட்டுக்காரனைப் புடிச்சு வெச்சுகினாளா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். குடத்தைத் தூக்கி அடித்தேன். அவள் மேல் படவில்லை. குடம் நசுங்கியதுதான் மிச்சம். அன்றோடு அவளோடு பேச்சு வார்த்தை கிடையாது.

மூன்றாவது வருஷம் கார்டு வந்தது. நான் மூணாங்கிளாஸ் வரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். "தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வரும் கப்பலில் கண்டிப்பாக வருகிறேன். நான் வந்த பிறகுதான் எண்ணெய் வைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அவர் கூட இருந்த நாளில் தீபாவளி விடியலில் அவரைப் பலகையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் மூன்று சொட்டு வைத்து, பரபரவென்று தேய்ப்பேன். "மெதுவா, மண்டை பேந்துடப் போவுது" என்பார். பலகாரத்தை விடுங்கள், புடவையை விடுங்கள், என் கைக்கு அந்தத் தலை வேண்டும் போல இருந்தது. அவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன்.

இந்தத் தடவை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. இன்னொரு தடவை அந்த மீன்காரி வாயில் விழ நான் தயாராக இல்லை. வெடி வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். மனசுக்குள் ஒரு வீம்பும் வைத்துக்கொண்டேன். அவர் வந்து இறங்காமல் இந்த வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, என் தலையிலும் எண்ணெய் படாது.

கப்பல் வரவேண்டிய நாளுக்கு முந்தைய நாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கட்டுமரங்களையெல்லாம் மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். காற்று என்றால் காற்று, அப்படி ஒரு காற்று. கப்பல் வரவில்லை. நான் தினமும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுகச் சுவரோரம் போய், மழையில் நனைந்து, கடலைப் பார்த்துவிட்டு வருவேன். எண்ணெய் காணாத தலை பரட்டையாகப் பறக்கும். சந்தில் எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று, வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

தீபாவளி அன்று காலை மழை கொஞ்சம் விட்டது. சந்து முழுக்க வெடிச் சத்தம், சீயக்காய் வாசனை, வடை வாசனை. என் வாசலில் மட்டும் கோலம்கூட இல்லை. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வூட்டுக்கு எப்பம்மா தீவாளி வரும்?" என்று கேட்டாள். ஒரு தடவை கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை முதுகில் ஒன்று வைத்தேன். ஐந்து வயதுக் குழந்தை. அதை அடித்த கையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அவள் அழுதுகொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தாள். ஒரு வருஷமாக முகம் பார்க்காதவள். கையில் ஒரு தட்டு, தட்டில் அதிரசம், வடை, முறுக்கு. மூலையில் வைத்துவிட்டு மெதுவாக, "கொயந்தைக்குக் குடு" என்றாள். அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் தட்டைப் பார்த்தேன். பண்டிகைக்கு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பலகாரம் போனால் வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் இல்லாமல் போகாது. இதில் எதுவும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் இப்படி மொட்டையாகப் பலகாரம் கொண்டுவந்து வைப்பார்கள். 

"இன்னாக்கா இது? யாருக்கு இன்னா ஆச்சு?"

 அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தலையைத் தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். 'வரேன்' என்று சொல்லவில்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் யாரும் 'வரேன்' என்று சொல்ல மாட்டார்கள்.

கடல் சேதி எல்லோருக்கும் முந்திக் கட்டுமரக்காரன் வீட்டுக்குத்தான் வரும். அவள் புருஷனுக்குத் தெரிந்திருக்கிறது, கப்பல் மூழ்கிவிட்டது, என்னிடம் சொல்ல வாய் வராமல் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். இப்படித்தான் நான் முடிவு கட்டினேன். ஓடிப்போய் அவளை உலுக்கிக் கேட்டிருக்கலாம். கேட்கக் கால் வரவில்லை. கேட்காத வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார் இல்லையா! கப்பலடிக்குத்தான் ஓடினேன். கேட்டில் இருந்தவர், "ஒரு தகவலும் இல்லம்மா. காத்து அடங்கட்டும்" என்றார். திரும்பி வந்து, தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் சுவரில் சாய்ந்து கிடந்தேன். அந்தத் தட்டிலிருந்துதான் மகள் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலை கப்பல் சங்கு ஊதியது.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. மூட்டையும் தகரப்பெட்டியுமாக ஆட்கள் இறங்கி வருகிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். அவர் இல்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வது? மகளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, "உங்க நைனா பேரைச் சொல்லிக் கத்துடி" என்றேன். அவளும் கத்தினாள். ஐந்தாறு தடவை கத்திய பிறகு ஓர் ஆள் நின்றார். திருவொற்றியூர்க்காரர், அதே மில்லில் வேலை.

"அண்ணியா? அண்ணன் வர்ல அண்ணி. மூட்டை கட்டிகினு கப்பலாண்ட வரைக்கும் வந்துட்டாரு. துரை லீவு இல்லைன்னு ஆள் உட்டுத் திருப்பி இட்டுகினு பூட்டான்."

"உசுரோட கீறாரா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா அண்ணி கேள்வி இது? கல்லு மாதிரி கீறாரு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய துணிப் பொட்டலத்தை அந்த ஆள் என் மடியில் வைத்தார். எனக்கு ஒரு பட்டுத்துண்டு, மகளுக்கு ஒரு கவுன். கவுன் அவள் தோள் தாண்டி இறங்கவில்லை. அவர் விட்டுப்போன குழந்தையின் அளவுக்கு வாங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உச்சிவெயிலில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினேன். மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். என் தலையிலும் நானே வைத்துக்கொண்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து வெடியை எடுத்துச் சந்து நடுவில் கொளுத்தினேன். தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் பட்டப்பகலில் வெடிச் சத்தம் கேட்டால் யார்தான் வெளியே வர மாட்டார்கள்? எல்லோரும் வந்ததும் நடுவில் நின்று கத்தினேன்.

"எங்க ஊட்டுக்காரு உசுரோட கீறாரு! எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க!"

எதிர்வீட்டு அக்கா பாய்ந்து வந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அடிப்பாவி! காயிதம் வந்துச்சு, அப்புறம் நீ எண்ணெ வெக்கல, சட்டி வெக்கல, கடலைப் பார்த்துப் பார்த்து நின்னுகினு இருந்தே. உன் ஊட்டுக்காரன் பூட்டான்னுதான் சந்தே நெனச்சிச்சு. ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? குழாயடில இந்த வாயால சொன்னதை நெனச்சு நெனச்சு நான் சோறு துன்னல தெரியுமாடி!" என்று ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். அவள் தட்டை நிறைய வடையோடும் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடும் திருப்பிக் கொடுத்தேன். வாசலைத் தாண்டும்போது அவள் நின்று, "வரேன்டி" என்றாள். இரண்டு எட்டு வைத்துவிட்டு மறுபடியும், "வரேன்" என்றாள்.

அன்றே அவருக்குக் கார்டு எழுதினேன். கோபம் தீரவில்லையே! "வர முடியவில்லை என்றால் பரவாயில்லை. வருகிறேன் என்று மட்டும் இனிமேல் எழுதாதீர்கள்" என்று எழுதிப் போட்டேன்.

அவர் வந்து இறங்க அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் என் நெஞ்சில் நிற்பது அடுத்த தீபாவளிக்கு வந்த கார்டுதான். நான் நலம், நீ நலமா, மகள் எவ்வளவு உயரம், நூலால் அளந்து அனுப்பு. அவ்வளவுதான். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், விலாசத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது இடுக்கில் எழுதியிருக்கிறாரா என்று வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எழுதாதீர்கள் என்று சொன்னவள் நான்தான். அதற்காக, பாவி மனுஷன், பொய்யாகவாவது ஒரு தடவை வருகிறேன் என்று எழுதியிருக்கக் கூடாதா?